புதுக் குடித்தனம்: பிள்ளைக்கு விளையாட யாரும் இல்லையா?

காயல்பட்டினத்தில் பிறக்கும் பிள்ளைக்கு விளையாட்டுத் தோழன் தேடித் தரும் வேலை எந்த உம்மாவுக்கும் இருந்ததில்லை. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது அங்கே வழக்கம். அதனால் ராத்தா, தங்கச்சி பிள்ளைகள் ஒரே வீட்டிலோ அடுத்தடுத்த வீடுகளிலோ வளர்கிறார்கள். அஸருக்குப் பிறகு வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், ஐந்து பேர் ஓடி வருவார்கள். கீழக்கரை, அதிராம்பட்டினம், மேலப்பாளையம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் தெரு நிறையப் பிள்ளைகள்தான்.

அதே குடும்பம் வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சென்னைக்கு வருகிறது. மேடவாக்கம், பெரும்பாக்கம், கேளம்பாக்கம் என்று நகரம் தெற்கே நீண்டுகொண்டே போகும் பகுதியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. பல வீடுகளில் வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். சனிக்கிழமை காலை மக்தப் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்தால், ஞாயிறு இரவு வரை கைப்பேசிதான் துணை. “இவனுக்கு இங்கே யாருமே இல்லை ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை ஆனாலே ஊருக்குப் போவோம் என்று அழுகிறான். ஏதாவது கிளாஸில் சேர்த்து விடலாமா?” என்று தாய்மார்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

கிளாஸில் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் அழுகைக்கு அது மருந்தாகுமா என்பது வேறு கேள்வி. கராத்தே வகுப்பிலும் அபாகஸ் வகுப்பிலும் பிள்ளை வரிசையில் நிற்கிறான், மாஸ்டர் சொன்னதைச் செய்கிறான். மணி அடித்ததும் வண்டியில் ஏறி வீடு திரும்புகிறான். பக்கத்தில் நின்ற பையனின் பெயர்கூட அவனுக்குத் தெரிவதில்லை. ஒரே முகங்களை, ஒரே இடத்தில், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். யாரும் எதையும் சொல்லித் தராத கொஞ்ச நேரமும் வேண்டும். பிள்ளைகளின் சிநேகம் அந்த நேரத்தில்தான் பிறக்கிறது.

இது பெரியவர்களுக்கும் பொருந்தும். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் மணமான மாணவர்கள் குடியிருந்த வீடுகளை ஆராய்ந்து 1950இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பர் ஆகிறார்கள் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது வீட்டு வாசல்களுக்கு இடையே இருந்த தூரம்தான். அடுத்த வீட்டுக்காரர் நண்பரானார். நான்கு வீடு தள்ளி இருந்தவருக்கு அந்த வாய்ப்பு குறைந்தது. மாடிப்படியின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள், ஏனென்றால் ஏறி இறங்குகிற எல்லோரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நம் ஊர்த் திண்ணை செய்த வேலையை அங்கே மாடிப்படி செய்திருக்கிறது.

ஆகவே தேடலைப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி உள்ள பயிற்சி மையத்தில் தொடங்காமல் நம் மாடிப்படியிலிருந்து தொடங்குவோம். இந்தக் கட்டடத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், எந்த வயது, எந்தப் பள்ளி? இது காவலாளிக்குத் தெரியும். பள்ளி வேன் ஓட்டுநருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை ஏறுகிறது என்பது அவருக்கு மனப்பாடம். முனைக் கடைக்காரரிடம் பால் வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்டால் அவரே ஆள் காட்டுவார்.

இது எளிதான வேலையாகத் தோன்றும். நம் குடும்பங்கள் இதைச் செய்யத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் போவது சரியல்ல. முஸ்லிம் என்று தெரிந்ததும் “வீடு ஏற்கெனவே பேசி முடித்துவிட்டோம்” என்ற பதிலை நான்கைந்து இடங்களில் கேட்டுவிட்டுத்தான் பலர் இந்த வீட்டைப் பிடித்திருக்கிறார்கள். கிடைத்த வீட்டில் யார் வாயிலும் விழாமல் இருக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பிள்ளை தாழ்வாரத்தில் ஓடினால் “உள்ளே வா, யாராவது ஏதாவது சொல்வார்கள்” என்று இழுத்துக்கொள்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதன் காரணம் தெரியாது. வெளியே இருப்பவர்கள் நமக்கு ஆகாதவர்கள் என்று மட்டும் அவன் புரிந்துகொள்கிறான். எதிர் வீட்டுக்காரரும் சாத்திய கதவை மட்டுமே பார்ப்பதால் நம்மைப் பற்றி வேறு எதையும் தெரிந்துகொள்வதில்லை.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) தொடர்ந்து வலியுறுத்தியதில், அவர்களுக்கு வாரிசுரிமையும் வந்துவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு இருந்தது என்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். குழம்பு வைக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டுக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னதும் தெரிந்ததே. நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இதற்கு ரமளானின் நோன்புக் கஞ்சி இருக்கிறது. ரமளான் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். குடி வந்த முதல் வாரமே ஒரு தட்டு வட்டிலப்பமோ ஒரு கிண்ணம் பாயசமோ பிள்ளையின் கையில் கொடுத்து, உம்மாவும் கூடப் போய் எதிர் வீட்டு மணியை அடிக்கட்டும். பேச்சு தானாக வரும். அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் அது கதவுக்குப் பின்னாலிருந்து கட்டாயம் எட்டிப் பார்க்கும்.

“மற்ற மதத்துப் பிள்ளைகளோடு விட்டால் நம் பழக்கம் போய்விடாதா?” என்ற கவலை சிலருக்கு. சுற்றிலும் நம்மவர் இல்லாத இடத்தில் குடியிருந்துகொண்டு நம்மவரோடு மட்டும் விளையாடச் சொன்னால், விளையாடாதே என்று சொன்னதற்குச் சமம். எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும், தொழுகை நேரம் எது என்பதைப் பிள்ளைக்கு வீட்டில் தெளிவாகச் சொல்லி வைப்போம். பிறந்தநாளுக்கு அழைத்தால் அந்தத் தாயிடம் முன்கூட்டியே, “இறைச்சி மட்டும் அவனுக்குக் கொடுக்க வேண்டாம் அக்கா, நாங்கள் ஹலால் பார்த்துச் சாப்பிடுவோம்” என்று சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. பூஜையில் வைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை என்பதையும் அப்படியே சொல்லலாம். சொல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு பிள்ளையைத் திட்டுவதுதான் இரண்டு வீட்டுக்கும் சங்கடம்.

நேரத்தைப் பற்றி: அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் இதற்கென்றே படைக்கப்பட்டது போல இருக்கிறது. வெயில் தாழ்ந்திருக்கும், பாங்கு சொன்னதும் வீடு திரும்ப வேண்டும் என்ற கணக்கும் பிள்ளைக்குத் தெளிவாக இருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போக வேண்டும். ஒரு வாரம் இந்தப் பூங்கா, மறு வாரம் கடற்கரை, அடுத்த வாரம் மால் என்று சுற்றினால் பொழுது போகும், முகங்கள் பழகாது. கையில் ஒரு பந்து இருக்கட்டும். இறகுப்பந்து மட்டை என்றால் இரண்டாக வாங்குங்கள். இன்னொரு மட்டை சும்மா கிடந்தால் அதை எடுக்க ஒரு பிள்ளை வரும். முதல் இரண்டு வாரம் யாரும் வராமல் வாப்பாவோ உம்மாவோதான் பந்து வீச வேண்டியிருக்கும். வீசுங்கள்.

பூங்காவே இல்லையே என்பவர்கள் தங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக மீதி நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. பல இடங்களில் அந்த நிலம் கருவேலம் முளைத்துப் பூட்டிக் கிடக்கிறது. குடியிருப்போர் சங்கத்தோடு சேர்ந்து அதைச் சுத்தம் செய்யக் கேட்டு மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ மனு கொடுப்பது நம் பிள்ளைக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பயன்படும். அந்த மனுவில் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போவதே அக்கம்பக்கத்தாரோடு நல்ல அறிமுகம்.

பூங்காவில் இரண்டு மூன்று முறை சேர்ந்து ஆடிய பிள்ளையை வீட்டுக்கு அழைக்கலாம். ஒரே ஒரு பிள்ளை போதும். ஐந்து பேரை ஒன்றாக அழைத்தால் அவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்வார்கள், நம் பிள்ளை தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவான். ஒன்றரை மணி நேரம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. செய்வதற்கு ஒரு வேலை இருக்கட்டும்: கேரம் பலகை, பல்லாங்குழி, அல்லது சமையலறையில் சப்பாத்தி மாவு உருட்டுவது. கைப்பேசியை அந்த நேரம் எடுத்து வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்து ஒரே திரையைப் பார்ப்பார்கள்.

பெண் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையனையாவது பந்தோடு அனுப்புகிறோம். பெண் பிள்ளை ஒன்பது பத்து வயதை எட்டியதும் “வீட்டில் இரு” என்று சொல்லிவிடுகிறோம். ஊரிலாவது பெண்கள் போய்வரும் முடுக்குகள் இருந்தன, மாமி வீடு, சாச்சி வீடு என்று போக்கிடம் இருந்தது. இங்கே அதுவும் இல்லாமல் வெறும் சுவர். மார்க்கத்தின் பெயரால் இப்படிச் செய்கிறோம் என்று நினைத்தால், மார்க்கம் கேட்பது ஒழுக்கத்தையும் பாதுகாப்பையும்தான், தனிமைச் சிறையை அல்ல. காலையில் மொட்டை மாடியில் தாய்மார்களும் மகள்களும் சேர்ந்து ஸ்கிப்பிங் ஆடலாம், இறகுப்பந்து ஆடலாம். கட்டடத்தில் இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் கிடைத்துவிட்டால் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துத் தையல், மருதாணி, கதைப் புத்தகம் என்று ஞாயிற்றுக்கிழமைகளை நிரப்பிக்கொள்ளலாம்.

வெளியே போவதற்குச் சென்னையில் இடத்துக்குக் குறைவில்லை. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதே வட்டாரத்தில் பிர்லா கோளரங்கமும் இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் சிறுவர் அருங்காட்சியகம் உண்டு. அதற்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் சனி, ஞாயிறு தாராளமாகப் போகலாம். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓவியம் உள்ளிட்ட கலைகளைக் கற்றுத் தருகிறார்கள். இவை எல்லாம் நல்லவைதான். இங்கேயும் ஒரு வேண்டுகோள்: போகும்போது எதிர் வீட்டுப் பிள்ளையையும் அதன் பெற்றோரிடம் கேட்டு அழைத்துப் போங்கள். நம் குடும்பம் மட்டும் போய் வந்தால் அது ஒரு நாள் உலா. அந்தப் பிள்ளையும் வந்தால் திங்கட்கிழமை மாடிப்படியில் பேசுவதற்கு இருவருக்கும் ஒரு விஷயம் இருக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. புறநகரில் இருக்கும் சின்னப் பள்ளிவாசலுக்குக்கூட ஒரு முற்றமோ வாகனம் நிறுத்தும் இடமோ இருக்கிறது. ஞாயிறு மக்தப் முடிந்ததும் கதவைப் பூட்டாமல் ஒரு மணி நேரம் பிள்ளைகளை அங்கே ஆட விட்டால், நான்கு தெருக்களில் சிதறிக் கிடக்கும் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள். “பள்ளிவாசலில் விளையாட்டா?” என்று புருவம் உயர்த்தும் பெரியவர்கள் எல்லா ஜமாஅத்திலும் இருப்பார்கள். பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு ஆடியதையும், அனஸ் (ரலி) சிறுவராக மற்றச் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தபோது அந்த வழியாக வந்த நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவர்களுக்கு ஸலாம் சொன்னதையும் அவர்களுக்கு நினைவூட்டலாம்.

பாதுகாப்பில் மெத்தனம் வேண்டாம். பிள்ளை போகும் வீட்டின் தாயையோ தந்தையையோ நாம் நேரில் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். யார் வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பது தெரிந்திருக்க வேண்டும். யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் கத்தலாம், ஓடி வரலாம், உம்மாவிடம் சொல்லலாம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

கடைசியாக, ஊர் ஏக்கம். “எத்தனை நாள்தான் ஊரை நினைத்து அழுவாய்?” என்று பிள்ளையை அதட்ட வேண்டாம். மக்காவிலிருந்து மதீனாவுக்கு வந்த புதிதில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் படுத்தார்கள். பிலால் மக்காவின் பள்ளத்தாக்கையும் புல்லையும் நினைத்து ஏங்கிக் கவி பாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போல மதீனாவையும் எங்களுக்குப் பிரியமானதாக ஆக்கு என்று துஆ செய்தார்கள். முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் இருவர் இருவராகச் சகோதரர்களாக இணைத்தும் விட்டார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் பின் ரபீஉ (ரலி) கிடைத்தது அப்படித்தான். பெரியவர்களுக்கே ஒரு துணையைச் சேர்த்துவிட வேண்டியிருந்தது என்றால், எட்டு வயதுப் பிள்ளை தானாகவே பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது.

ஊரில் இருக்கும் மச்சான்களோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசட்டும், அதை நிறுத்த வேண்டாம். மே மாத விடுமுறைக்கு அவர்கள் சென்னைக்கு வரும்போது, மாலையில் எல்லோரையும் கீழே அனுப்பி, இங்கே கிடைத்த நண்பர்களோடு இரண்டு அணி பிரித்து ஆட விடுங்கள்.