பென்டியம் எம்

பென்டியம் எம் என்பது மடிக்கணினிகளுக்காக இன்டெல் நிறுவனம் 2003 மார்ச்சில் வெளியிட்ட நுண்செயலி ஆகும். இது இஸ்ரேலின் ஹைஃபா நகரில் வடிவமைக்கப்பட்டது.

மேசைக்கணினிச் செயலியுடன் ஒப்பீடு

அப்போதைய மேசைக்கணினிச் செயலியான பென்டியம் 4, 3.06 கிகாஹெர்ட்சு கடிகார வேகத்தை எட்டியிருந்தது. பென்டியம் எம் செயலியின் தொடக்ககால உச்ச வேகம் 1.6 கிகாஹெர்ட்சு மட்டுமே. ஆயினும் பல பணிகளில் இது 2 கிகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட பென்டியம் 4 செயலிகளுக்கு இணையாக இயங்கியது.

பென்டியம் 4 ஒவ்வொரு கட்டளையையும் 20 படிநிலைகளில் நிறைவேற்றியது. நிரல் எத்திசையில் கிளைக்கும் என்ற ஊகம் தவறினால், அதுவரை செய்த வேலை வீணாகும். பென்டியம் எம் செயலியில் படிநிலைகள் குறைவு. இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகமோ இருமடங்கு, அதாவது 1 மெகாபைட்டு. எனவே ஒரு கடிகாரத் துடிப்பில் அது கூடுதல் வேலை செய்தது. வெப்ப வெளியீட்டு வரம்பும் 82 வாட்டுக்கு எதிராக 24.5 வாட்டு மட்டுமே.

ஆகவே கடிகார வேகம் மட்டும் செயல்திறனின் அளவுகோல் ஆகாது. 2006 இல் வெளியான கோர் 2 டுவோ, இவ்வடிவமைப்பு வழியை மேசைக்கணினிக்கும் கொண்டுவந்தது.