பகலில் சருகு, இரவில் பறவை: தவளைவாயன்

இலங்கைத் தவளைவாயன் மைனா அளவே உள்ள இரவுப் பறவை. நீளம் ஏறக்குறைய 23 செ.மீ. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. பாலக்காட்டுப் பறம்பிக்குளம் காடுகளிலும், இடுக்கி எல்லையை ஒட்டிப் பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டிலும் வாழ்கிறது. மலையாளத்தில் இதற்கு மாக்காச்சிக்காட என்று பெயர்.

உடலுக்குப் பொருந்தாத அளவில் அகன்ற வாய். அலகின் அடியில் மீசை போன்ற விறைப்பான இறகுகள். இரவில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பக்கிகள் என்னும் இரவுப் பறவைகளுக்கு உறவு என்றாலும் அவற்றைப்போலத் தரையில் படுப்பதில்லை. பகலெல்லாம் மூங்கில், பிரம்புப் புதர்களின் மெல்லிய கிளையில் ஆணும் பெண்ணும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் பெரும்பாலும் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. இரண்டையும் சருகிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆள் நெருங்கினால் பறந்தோடாது. அலகை மெல்ல வானம் பார்க்கத் தூக்கி, கண்ணைக் கீற்றாகச் சுருக்கி, முறிந்த கிளைபோல அசையாமல் நிற்கும். பூனைக்கும் பருந்துக்கும் இந்த வேடம் போதும். மனிதரிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை: பல நாள் ஒரே கிளைக்குத் திரும்பும் பழக்கத்தால், இடம் தெரிந்த வழிகாட்டிகள் நேராக அங்கேயே அழைத்துப்போய்க் காட்டிவிடுகிறார்கள்.

பகலில் கண்ணுக்குத் தப்பும் பறவையை அந்தியில் காது காட்டிக்கொடுக்கும். பெண் உரத்து, சிரிப்பதுபோலக் கத்தி, குரலை இறக்கிக்கொண்டே வரும்.

கூடு மிகச் சிறியது, உள்ளங்கைக்குள் அடங்கும். தன் மென்தூவியால் திண்டுபோல் அமைத்து, வெளிப்புறம் மரப்பாசியும் பட்டைத் துணுக்கும் ஒட்டிவிடும். முட்டை ஒன்றுதான், வெள்ளை நிறம். கூடு வெளிச்சத்தில் இருக்கும் பகல் பொழுதில் ஆண்தான் அடைகாக்கிறது. கூட்டை முழுவதும் மறைத்து உட்காரும்போது கிளையில் ஒரு முண்டு இருப்பதாகவே தோன்றும். குஞ்சு பறந்த பின் ஆண் கூட்டைப் பிய்த்தெறிவதைப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்திலேயே புதிதாகக் கட்டுவதும் உண்டு.

1933இல் திருவிதாங்கூரில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திய சாலிம் அலி, தட்டேக்காட்டின் பறவை வளத்தைப் பெரிதும் போற்றினார். 25 சதுர கி.மீ. பரப்புள்ள அக்காடு 1983இல் சரணாலயமாகி, இன்று அவர் பெயரையே தாங்குகிறது. தவளைவாயனைத் தேடி வருவோர் இப்போது முதலில் போவது அங்கேதான்.