ரிமோட் கார் ஒரு பக்கமாகவே இழுக்கிறதா? ‘ட்ரிம்’மைத் திருகும் முன் இதைப் பாருங்க!

‘ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை, ஆனாலும் வண்டி வலது பக்கமே போகுது.’ ஆர்.சி. கார் எனப்படும் ரேடியோ கன்ட்ரோல் கார் ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. உடனே பலரும் செய்வது, ரிமோட்டில் உள்ள ஸ்டீயரிங் ட்ரிம்மை எதிர்ப்பக்கம் திருகுவதுதான். கார் நேராக ஓடத் தொடங்கும். ‘அவ்வளவுதான், சரியாகிடுச்சு’ என்று நினைப்போம்.

ஆனால் கோளாறு அங்கேயேதான் இருக்கிறது. பல ரிமோட்களில், அதன் பிறகு கார் ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் பாதியாகவும்தான் திரும்பும். முழுதாகத் திரும்பும் பக்கத்தில் சக்கரம் முட்டி நின்ற பிறகும் சர்வோ மோட்டார் தள்ளிக்கொண்டே இருந்தால், அது சூடாகிக் கருகிவிட வாய்ப்பு உண்டு.

ட்ரிம் என்னதான் செய்கிறது?

முன்சக்கரங்களைத் திருப்புவது சர்வோ என்ற சின்ன மோட்டார். காரில் இருக்கும் ரிசீவர் அதற்குத் தொடர்ந்து மின் துடிப்புகளை அனுப்பும். ஒரு துடிப்பு 1.5 மில்லி விநாடி நீடித்தால் ‘நடுவில் நில்’ என்று அர்த்தம். சுமார் 1 மில்லி விநாடி என்றால் ஒரு ஓரம், 2 என்றால் மறு ஓரம். ட்ரிம் அந்த ‘நடு’வைக் கொஞ்சம் நகர்த்துகிறது, அவ்வளவுதான். வளைந்த கம்பியை அது நிமிர்த்தாது.

எப்போது இழுக்கிறது?

சமதளத்தில் காரை மெதுவாக 5 முதல் 10 மீட்டர் ஓட விடுங்கள். பிறகு அதே பாதையில் எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். தரைச் சரிவுதான் காரணம் என்றால் இதிலேயே தெரிந்துவிடும்.

* எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால்: ஸ்டீயரிங் அளவு தவறியிருக்கலாம், அல்லது ஒரு சக்கரம் இறுகியிருக்கலாம்.
* வேகம் கொடுக்கும்போது மட்டும் இழுத்தால்: பின்சக்கரம், டயர் அல்லது டிஃபரன்ஷியல் பக்கம் பார்க்க வேண்டும்.
* ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்று அலைந்தால்: எங்கோ லூஸ். பந்து மூட்டுகளையும், மோதலின் அதிர்ச்சி சர்வோவுக்குப் போகாமல் தடுக்கும் ‘சர்வோ சேவர்’ ஸ்பிரிங்கையும் சோதிக்க வேண்டும்.

சரிசெய்யும் வரிசை

1. சக்கரங்களைச் சுற்றிப் பாருங்கள்: பவரை ஆஃப் செய்து, நான்கு சக்கரமும் தரையில் படாதபடி காரை ஒரு டப்பா மேல் வையுங்கள். முன்சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றுங்கள். ஒன்று மட்டும் சீக்கிரம் நின்றால், அச்சில் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கலாம். பேரிங் கெட்டிருக்கலாம். சக்கர நட்டை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

2. சர்வோவை நடுவுக்குக் கொண்டு வாருங்கள்: முதலில் ரிமோட், பிறகு கார் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். ட்ரிம், சப்-ட்ரிம் இரண்டையும் பூஜ்யத்தில் வையுங்கள். சர்வோவின் தலையில் மாட்டியிருக்கும் ‘ஹார்ன்’ என்ற சின்னக் கையைக் கழற்றி, இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும்படி மீண்டும் மாட்டுங்கள். 25 பல் கொண்ட சர்வோவில் ஒரு பல் தள்ளினாலே 14.4 டிகிரி மாறும். அதனால் துல்லியமாக உட்காராமல் போகலாம். மிச்சமிருக்கும் சிறு வித்தியாசத்தை மட்டும் சப்-ட்ரிம்மில் சரிசெய்யலாம். சர்வோவைக் கையால் வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம். உள்ளே பல்சக்கரம் உடைந்துவிடும்.

3. கம்பிகளை அளந்து பாருங்கள்: இரு முன்சக்கரங்களுக்கும் போகும் ஸ்டீயரிங் கம்பிகள், பெரும்பாலான மாடல்களில் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது, ஸ்கேலும் போதும். கண்ணாடி மேசையில் உருட்டினால் வளைந்த கம்பி காட்டிக்கொடுத்துவிடும். ‘டர்ன்பக்கிள்’ வகைக் கம்பியில் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. அதனால் கழற்றாமலே, நடுவில் பிடித்துத் திருகி நீளத்தை மாற்றலாம். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று போதும்.

4. மேலிருந்து பாருங்கள்: இரு சக்கரங்களும் ஏறக்குறைய இணையாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்க வேண்டும். முழுதாகத் திருப்பும்போது உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்பினால் பயப்பட வேண்டாம், அது கோளாறு இல்லை. வளைவில் உள்சக்கரம் சிறிய வட்டத்தில் ஓடுவதால், பல கார்களில் வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். ‘ஆக்கர்மன்’ என்று பெயர். குதிரை வண்டிகளுக்காக 1818-இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

5. ஓரங்களைக் கட்டுப்படுத்துங்கள்: இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் முட்டி நின்ற பிறகும் சர்வோ ‘க்ர்ர்ர்’ என்று முனகினால், ரிமோட்டில் இ.பி.ஏ. எனப்படும் ஓர அளவை முனகல் நிற்கும் வரை குறையுங்கள். சர்வோவின் ஆயுளைக் காப்பது இந்த ஒரு செட்டிங்தான்.

6. கடைசியில்தான் ட்ரிம்: காரைத் தரையில் ஓடவிட்டு, ஒன்றிரண்டு கிளிக் மட்டும் திருகுங்கள்.

பொம்மை கார் என்றால்?

கடைகளில் கிடைக்கும் சாதாரண பொம்மை கார்களில் இத்தனை வசதி இருக்காது. பல மாடல்களில் முன்சக்கரங்களுக்கு நடுவே, அடிப்பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை இடமோ வலமோ தள்ளி நேராக்கலாம். ‘வீணாப்போச்சு’ என்று தூக்கிப் போடும் முன் காரைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடும் ஹாபி கார்கள் சர்வ சாதாரணம். அந்த வேகத்தில் கார் சொன்ன பக்கம் திரும்பாவிட்டால், அருகில் நிற்கும் குழந்தையின் காலில்தான் போய் மோதும்.

ஒவ்வொரு பெரிய மோதலுக்குப் பிறகும் ட்ரிம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடுவுக்குப் பக்கத்தில் இருந்தால் வண்டி நலம். ஓரத்துக்குப் போய்விட்டதென்றால், உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. அடுத்த ஓட்டத்துக்கு முன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுங்கள்.