படலம் பருத்ததா? அணுக்களிடம் கேட்போம்

ஏலக்காய் பறிக்கப் போகும் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் கேரளத்தின் உடும்பஞ்சோலைத் தாலுகாவுக்குள் நுழைகின்றன. எல்லை முகட்டில் நிற்பவரின் கைப்பேசிக்குத் தமிழ்நாட்டுக் கோபுரமும் கேரளக் கோபுரமும் ஒருசேர எட்டுவதுண்டு. வந்து மோதும் அத்தனை அலைகளிலும் தனக்குரிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடுபவை கைப்பேசிக்குள் இருக்கும் நுண் வடிகட்டிகள். அவற்றில் பலவற்றின் உயிர்நாடி, ஒரு மைக்ரோமீட்டர் அளவே தடிமனுள்ள அலுமினியம் நைட்ரைடு படலம்.

இந்தப் படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும். அழுத்தமின் விளைவு என்று பெயர். அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் பொறி பறப்பதும் இதனால்தான். 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் இதைக் கண்டறிந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டும் என்று அடுத்த ஆண்டே இயற்பியலாளர் லிப்மன் கணக்குப் போட்டுச் சொல்ல, கியூரிகள் அதையும் செய்து காட்டினார்கள். வடிகட்டிக்குள் நடப்பது இந்த இரண்டாவது வகை. வரும் சமிக்ஞைக்கேற்பப் படலம் பருத்து மெலிந்து அதிர்கிறது. தன் இயல்பான அதிர்வெண்ணுக்கு மட்டும் வழிவிடுகிறது.

எவ்வளவு பருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சிலிக்கான் மீது படிந்த அலுமினியம் நைட்ரைடு, ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 4 பிக்கோமீட்டர் பருக்கும். 10 வோல்ட் கொடுத்தால் 40 பிக்கோமீட்டர். ஓர் அணுவின் குறுக்களவில் பாதிகூட இல்லை.

சிக்கல் இதன் சிறுமை மட்டுமல்ல. படலம் சிலிக்கான் தகட்டோடு ஒட்டியிருக்கிறது. அது பக்கவாட்டில் சுருங்க முயலும்போது தகடும் சேர்ந்து வளைகிறது. லேசர் ஒளியை மேற்பரப்பில் பட்டுத் திரும்பச் செய்து அளந்தால், தகட்டின் வளைவும் படலத்தின் பருமனோடு சேர்ந்துவிடும். காற்றில் ஆடும் கிளையின் உயரத்தை அளந்து, அதிலுள்ள இலை தடித்ததா என்று சொல்வது போலாகும். இரு பக்கமும் லேசர் பாய்ச்சி வளைவைக் கழிக்கலாம். ஆனால் இரு கதிர்களும் ஒரே புள்ளியில் பிசகாமல் விழ வேண்டும்.

எக்ஸ் கதிர் இந்தத் தொல்லையை அடியோடு ஒழிக்கிறது. அது மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை; அடுத்தடுத்த அணுத் தளங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பார்க்கிறது. தளங்களில் பட்டுச் சிதறும் கதிர்கள் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தும் என்ற பிராக் விதி 1913 முதல் நம் கையில் இருக்கிறது. இடைவெளி கூடினால் கோணம் குறையும். மின்னழுத்தம் இல்லாமல் ஒருமுறை, கொடுத்து ஒருமுறை கோணத்தை அளந்து ஒப்பிட்டால் போதும்.

சொல்வது எளிது. தாமிரக் குழாயிலிருந்து வரும் 1.54 ஆங்ஸ்ட்ராம் எக்ஸ் கதிரில், அலுமினியம் நைட்ரைடின் முதன்மை முகடு, அதாவது சிதறிய கதிர்கள் வலுப்படும் உச்சம், 36 டிகிரியில் தெரியும். நம் 10 வோல்ட் அதை நகர்த்துவது 0.0015 டிகிரிதான். அதே தளங்களின் உயர்வரிசைப் பிரதிபலிப்பை 136 டிகிரிக்கு அருகே தேடிப் பிடித்தால் நகர்வு ஏழு மடங்குக்கு மேல் பெருகி 0.011 டிகிரியாகிறது, ஆனால் முகடு மங்கலாக இருக்கும், பொறுமையாகக் கதிர்களை எண்ண வேண்டும். அடியிலுள்ள சிலிக்கானுக்கு அழுத்தமின் விளைவு கிடையாது. அதன் முகடும் நகர்ந்தால் கருவிதான் அசைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: படலத்துக்குத் தடையாயிருந்த தகடே அளவுகோலுக்குச் சாட்சியாகிறது.

வெப்பம் வேறொரு எதிரி. பத்து டிகிரி சூடேறினாலே ஏறக்குறைய இதே அளவு விரிவு வந்துவிடும். அதற்கு வழி, மின்னழுத்தத்தின் திசையை மாற்றுவது. அழுத்தமின் விளைவு உடனே எதிர்ப்பக்கம் திரும்பும். சூட்டால் வந்த விரிவு திரும்பாது.

எக்ஸ் கதிரைக் கொண்டு படிகத்தின் இயந்திரப் பண்பை அளப்பதில் நம்மவர் ஒருவருக்குப் பெரிய பங்குண்டு. எர்ணாகுளத்தில் 1922இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், கொலாஜன் என்னும் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தைச் சென்னையில் கண்டறிவதற்கு முன்பு, கேம்பிரிட்ஜில் படிகவியலாளர் வூஸ்டருடன் இதே திசையில் உழைத்தார். அணுக்களின் வெப்ப அதிர்வால் முகடுகளைச் சுற்றிப் படரும் மங்கிய எக்ஸ் கதிர்ச் சிதறலிலிருந்தே படிகத்தின் மீள்தன்மை எண்களைக் கணக்கிட முடியும் என்று அவர்கள் 1949இல் காட்டினார்கள். கொலாஜனுக்காக மட்டும் அவரை நினைவுகூர்வது போதாது.

படலம் ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு பருக்கிறது என்று எக்ஸ் கதிர் தரும் எண், தனிப் படிகத்தின் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். தகடு படலத்தைப் பக்கவாட்டில் அசையவிடாமல் பிடித்திருப்பதே காரணம். அதைக் குறையென்று தள்ளிவிடக் கூடாது. கைப்பேசி வடிகட்டியிலும் படலம் தடிமன் திசையில்தான் அதிர்கிறது, பக்கவாட்டில் நீள்வதில்லை. வடிகட்டி செய்பவருக்குத் தேவைப்படுவது அந்தக் கட்டுண்ட எண்தான்.