மருந்து கொடுத்தும் கோழிக்குப் புழு போகலையா? தரையைப் பாருங்க!

கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறீர்களா? தீனி நன்றாகத் தின்றும் நெஞ்செலும்பு துருத்தி, கொண்டை வெளுத்து, முட்டையும் குறைந்தால் குடற்புழுவாக இருக்கலாம்.

எச்சத்தோடு விழும் உருண்டைப் புழுவின் முட்டை, ஈர மண்ணில் சுமார் 2 வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கோழி அதைக் கொத்தித் தின்றால், 5 முதல் 8 வாரத்தில் வயிற்றுக்குள் வளர்ந்த புழு மறுபடி முட்டையிடத் தொடங்கும். மருந்து கோழியின் குடலைத்தான் சுத்தம் செய்யும், தரையை இல்லை. எச்சத்தை அடிக்கடி அள்ளி, கூண்டுத் தரையைக் காயவிடுங்க. குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு மேயவிடாதீங்க; அதிகம் அடிவாங்குவது அவைதான்.

கடையில் கிடைக்கும் பைப்பரசின் உருண்டைப் புழுவுக்குத்தான். எறும்பு, வண்டு மூலம் வரும் நாடாப்புழுவுக்கு வேலை செய்யாது. எச்சத்தில் அரிசி போல வெள்ளைத் துணுக்கு தெரிந்தால், அதைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி மருந்து வாங்குங்கள். எத்தனை நாள் அந்த முட்டையைச் சாப்பிடக்கூடாது என்றும் மறக்காமல் கேளுங்க.