டேப்பை அழிச்சது சேனல்... காப்பாத்தினது நம்மாளுங்க!

ஒரு கேள்வி பாஸ். நீங்க உயிரா நினைக்கிற ஒரு சீரியல். அதுல ஹீரோவே மாறிப்போற ஒரு எபிசோடு. கதையோட தலையெழுத்தையே மாத்தின அந்த எபிசோடோட டேப்பை, எடுத்த சேனலே அழிச்சுட்டா... உங்களுக்கு எப்படி இருக்கும்?

'டாக்டர் ஹூ' ரசிகர்களைக் கேளுங்க, விடிய விடியப் புலம்புவாங்க!

இங்கிலாந்தின் பி.பி.சி.யில் இந்த சீரியல் தொடங்கினது 1963 நவம்பர் 23. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதுக்கு மறுநாள். ஊரே அந்தச் செய்தியில மூழ்கிக் கிடந்ததால, அடுத்த வாரம் முதல் எபிசோடையே திரும்பப் போட்டுட்டுத்தான் ரெண்டாவதைக் காட்டினாங்க. அந்த முதல் எபிசோடை இயக்கினவர் நம்ம லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அப்போ அவருக்கு வயசு 24 தான். (நமக்கு அந்த வயசுல அரியர் க்ளியர் ஆகியிருந்தாலே பெரிய விஷயம்!)

கதை சிம்பிள். வேற்றுக்கிரகத்து ஆள் ஒருத்தர். பேர் டாக்டர். அவர்கிட்ட நீல நிற போலீஸ் பெட்டி ஒண்ணு. வெளியே பார்த்தா டெலிபோன் பூத் சைஸ், உள்ளே போனா கல்யாண மண்டபம். அதுல ஏறி எந்தக் காலத்துக்கும் எந்த கிரகத்துக்கும் போகலாம்.

1966-ல் சிக்கல். டாக்டரா நடிச்ச வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியலை. நம்மூர் சீரியலா இருந்தா 'இவருக்குப் பதில் இவர்'னு ஒரு கார்டு போட்டு, மறுநாளே வேற முகத்தைக் காட்டிடுவாங்க. இவங்க யோசிச்சாங்க. ஹீரோதான் மனுஷனே இல்லையே, அவர் உடம்பு தன்னால மாறினா என்ன? 'தி டென்த் பிளானட்' கதையோட கடைசி எபிசோடில் கிழவர் தரையில விழுறார். ஒளி பரவுது. எழுந்திரிக்கிறது பேட்ரிக் ட்ரவுட்டன்! ஒரு நடிகரோட உடம்புக் கோளாறை சமாளிக்கப் போட்ட ஐடியா... இன்னிக்கு வரைக்கும் இந்தக் கதை உயிரோட இருக்குன்னா அதுதான் காரணம். என்னைக் கேட்டா, சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல்கள்ல இதைவிட புத்திசாலித்தனமான சமாளிப்பு கிடையாது.

நான் முதல்ல சொன்ன அழிஞ்சுபோன எபிசோடு இதுதான்.

அந்தக் காலத்துல வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பு முடிஞ்சதும் அழிச்சுட்டு, அதே டேப்புல வேற நிகழ்ச்சியைப் பதிவு பண்ணுவாங்க. வெளிநாட்டு சேனல்களுக்கு விக்க எடுத்த 16 எம்.எம். ஃபிலிம் பிரதிகளையும், இனி விலை போகாதுன்னு தூக்கி எறிஞ்சாங்க. முதல் 6 வருஷத்துல வந்தது 253 எபிசோடுகள். அதுல 90-க்கும் மேல இன்னிக்குப் படமே கிடையாது. ஹீரோ உருமாறுற அந்தச் சில நொடிகள் மட்டும் தப்பிச்சது. எப்படி? 'ப்ளூ பீட்டர்'ங்கிற குழந்தைகள் நிகழ்ச்சியில அந்தத் துண்டைப் போட்டுக் காட்டியிருந்தாங்க. அந்த நிகழ்ச்சியோட டேப் பத்திரமா இருந்துச்சு!

இப்ப பாருங்க ஆச்சரியம். படம்தான் போச்சே தவிர, தொலைஞ்ச அத்தனை எபிசோடுகளோட ஒலியும் முழுசா இருக்கு. பண்ணினது பி.பி.சி. இல்லை. வீட்டு ஹால்ல உக்காந்து, டி.வி. ஸ்பீக்கர் முன்னாடி மைக்கைப் பிடிச்சு டேப் ரெக்கார்டர்ல பதிவு பண்ணின ரசிகர்கள். சில கில்லாடிகள் மைக்கே வேண்டாம்னு டி.வி.யிலிருந்து நேரா வயரை இழுத்து ரெக்கார்டர்ல கொடுத்துட்டாங்க. அம்மா சாப்பிடக் கூப்பிடுற சத்தமெல்லாம் கலக்காம சுத்தமா வந்துடுச்சு. பின்னாளில் அந்த ஒலியை வெச்சுத்தான் தொலைஞ்ச எபிசோடுகளை அனிமேஷனா எடுத்தாங்க. 2016-ல் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' அப்படித்தான் மறுபடி உயிர் பெற்றது.

2013-ல் இன்னொரு ஷாக். நைஜீரியாவில் ஜோஸ்ங்கிற ஊர். அங்கே ஒரு டி.வி. நிலையத்துல கிடந்த ஃபிலிம் டப்பாக்களைத் திறந்தா... தொலைஞ்சுபோன 9 எபிசோடுகள்! ட்ரவுட்டன் காலத்து ரெண்டு கதைகள். லண்டன்ல குப்பைன்னு போட்டது ஆப்பிரிக்காவில் 40 வருஷத்துக்கும் மேல டப்பாவுக்குள்ள தூங்கியிருக்கு.

இப்ப அமெரிக்கா பக்கம் போவோம். 'ஸ்டார் ட்ரெக்' 1966-ல் தொடங்கி ரெண்டு சீஸனிலேயே மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. என்.பி.சி. சேனல் நிறுத்தப் போகுதுன்னு பேச்சு. ரசிகர்கள் கட்டுக் கட்டா கடிதம் போட்டாங்க. 1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் 200 பேருக்கு மேல, கையில பலகையோட என்.பி.சி. ஸ்டூடியோவுக்கே ஊர்வலமாப் போனாங்க. ஆமாம் மக்களே, நம்மளை மாதிரி சயின்ஸும் இன்ஜினீயரிங்கும் படிச்ச பசங்கதான்! 'தொடர் தொடரும், கடிதம் போடுறதை நிறுத்துங்க'ங்கிற மாதிரி சேனல் டி.வி.யிலேயே அறிவிக்க வேண்டியதாப் போச்சு. ஆனா மூணாவது சீஸனை வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குத் தள்ளினாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி எந்தக் காலேஜ் பையன் வீட்டுல இருப்பான்? 1969-ல் கடையைச் சாத்திட்டாங்க. அப்புறம் மறு ஒளிபரப்புல பிச்சுக்கிட்டுப் போனதும், 1976-ல் நாசா தன் முதல் ஸ்பேஸ் ஷட்டிலுக்கு ரசிகர்கள் கடிதம் போட்டுக் கேட்ட 'என்டர்பிரைஸ்'ங்கிற பேரையே வெச்சதும் வரலாறு.

'ஸ்டார் வார்ஸ்' விஷயத்துல சண்டை வேற மாதிரி. இங்கே படத்தை மாத்தினது எடுத்தவரேதான். 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி போய், பழைய படங்களைத் திருத்தறது தப்புன்னு வாதாடினார் ஜார்ஜ் லூகாஸ். அதே மனுஷன் 1997-ல் தன் மூணு படங்களுக்கும் கிராஃபிக்ஸ் பூசி, காட்சிகளை மாத்தி ரிலீஸ் பண்ணினார். 1977 படத்துல ஹான் சோலோ மட்டும் சுடுவான். எதிராளி காலி. திருத்தின படத்துல எதிராளி முதல்ல சுடுறான். ஒரு துப்பாக்கிச் சூடுதானேன்னு கேக்காதீங்க. ரவுடியா வந்து நல்லவனா மாறுற ஆளை, முதல்லேயே நல்லவனாக் காட்டினா அப்புறம் மாறுறதுக்கு என்ன இருக்கு? ரசிகர்கள் சும்மா இருக்கலை. பழைய ஃபிலிம் சுருள்களைத் தேடிப் பிடிச்சு ஸ்கேன் பண்ணி, 1977-ல் தியேட்டர்ல பார்த்த அதே படத்தைத் தாங்களே சரிபண்ணி வெச்சாங்க. சட்டப்படி அது தப்புதான். ஆனா அதுல இருக்கிற அக்கறையை என்னால திட்ட முடியலை.

எல்லா ரசிகனும் காந்தி கிடையாதுங்கிறதையும் சொல்லிடறேன். 1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துல ஜார் ஜார் பிங்ஸ்ங்கிற காமெடி கேரக்டர் யாருக்கும் பிடிக்கலை. எனக்கும்தான் பிடிக்காது. ஆனா நடிச்ச அகமது பெஸ்ட்டை எவ்வளவு கிழிச்சாங்க தெரியுமா? உயிரை விடலாமாங்கிற எண்ணம் வரைக்கும் போனதா 2018-ல் அவரே சொன்னார். அதே 2018-ல் கெல்லி மேரி ட்ரான், வசவு தாங்காம இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் அழிச்சார். ஸ்பீக்கர் முன்னாடி மைக்கோட மூச்சு விடாம உக்காந்தவனும் ரசிகன், இப்படிக் கடிச்சுக் குதர்றவனும் ரசிகன். ரெண்டு பேரையும் ஒரே பேர்ல கூப்பிடறது எனக்குக் கூச்சமா இருக்கு.

பீட்டர் கபால்டியைப் பாருங்க. 1974-ல், 15 வயசுப் பையனா, 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகைக்கு டாக்டர் ஹூவைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். 2013-ல் அவரையே டாக்டரா அறிவிச்சாங்க. 1989-ல் நின்னுபோன அந்த சீரியலை 2005-ல் திரும்பக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸும் சின்ன வயசு ரசிகர்தான்.

சரி, எங்கேயிருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்கன்னா... ஸ்டார் வார்ஸ்ல முதல்ல 1977 படம், அப்புறம் நேரா 'ஆண்டோர்'. அவ்வளவு பெரிய கேலக்ஸியில ஒரே குடும்பத்துக் கதையையே சுத்திச் சுத்திச் சொன்ன அலுப்பு அதுல இல்லை. ஸ்டார் ட்ரெக்ல 1987-ல் வந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. முதல் ரெண்டு சீஸன் கொட்டாவி, தைரியமா மூணாவதுல நுழைங்க. டாக்டர் ஹூவுக்கு எல்லாரும் 2005-ன்னு சொல்வாங்க. நான் சொல்றது 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்'. கறுப்பு வெள்ளைதான், செட்டும் சில இடத்துல லேசா ஆடும். ஆனா ஹீரோ, வில்லன் ரெண்டுமே ட்ரவுட்டன். டபுள் ஆக்‌ஷன்ல மனுஷன் பின்னியிருப்பார். மொத்தம் 6 எபிசோடு. 2013 வரைக்கும் மூணாவது எபிசோடு மட்டும்தான் இருந்துச்சு. மிச்ச அஞ்சும் அந்த ஜோஸ் டப்பாக்கள்ல வந்தது.