பெனின்: கோவை ஆயர் ஒருவர் நாடிய நாடு

நம் வீட்டு விசேடங்களில் பாயசத்தில் இடும் முந்திரிப் பருப்பு எங்கே விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. மார்த்தாண்டத்துப் பருப்பு என்று கடைக்காரர் சொன்னால் நாமும் நம்பிவிடுகிறோம். உடைத்துத் தோல் நீக்கியது மார்த்தாண்டம்தான். ஆனால் அங்கு உடைபடும் கொட்டைகளுள் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவில் காய்த்து, கப்பலேறித் தூத்துக்குடியில் வந்து இறங்கியவை. அவ்வாறு நமக்குக் கொட்டை அனுப்பிவந்த நாடுகளுள் ஒன்று பெனின். 1975-ஆம் ஆண்டு வரை அதற்குத் தகோமே என்று பெயர். அந்த நாட்டுக்கும் தமிழகத் திருச்சபைக்கும் முந்திரியினும் பழைய உறவொன்று உண்டு. அதைச் சொல்லுமுன் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

பெனினின் பரப்பு சுமார் 1,14,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டினும் சற்றுச் சிறியது. மக்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. மேற்கே டோகோ, கிழக்கே நைஜீரியா, வடக்கே புர்க்கினா ஃபாசோவும் நைஜரும், தெற்கே அட்லாண்டிக் கடலின் கினி வளைகுடா. தெற்கே ஒடுங்கி வடக்கே அகன்ற தீவட்டி போன்ற வடிவம். கடற்கரை 120 கிலோமீட்டர்தான். நம் சாத்தூரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தொலைவுகூட இல்லை. ஆனால் தெற்கிலிருந்து வடக்கே போவதென்றால், சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போவதுபோல 700 கிலோமீட்டர் பயணப்படவேண்டும்.

கரையோரம் மணல்மேடு, அதற்குப் பின்னே உப்பங்கழிகளும் ஏரிகளும். நொக்குவே என்னும் ஏரியில் கன்வியே என்றோர் ஊர் இருக்கிறது. தண்ணீருக்குள் கழிகளை நட்டு, அவற்றின்மேல் வீடு கட்டி வாழ்கிறார்கள். சந்தைக்குப் போவதும் தோணியில், பள்ளிக்குப் போவதும் தோணியில். அழகுக்காக அப்படிக் கட்டியவர்கள் அல்லர். மனிதரைப் பிடித்து விற்க வந்த படைகளுக்கு அஞ்சி, நிலத்தைவிட்டு நீருக்குள் குடிபோனவர்களின் வழிமரபினர் அவர்கள்.

ஏரிகளைத் தாண்டினால் செம்மண் மேடு. நடுவே லாமா என்றொரு பள்ளம். போர்த்துக்கீசிய மொழியில் லாமா என்றால் சேறு. அந்த மண் கறுத்த களிமண். மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும், வெயிலில் வெடித்துப் பிளக்கும். கரிசல்காட்டு மக்களாகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தெற்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், வடக்கே ஒன்றே. டிசம்பர் தொடங்கி ஹர்மத்தான் என்னும் வறண்ட காற்று சகாராவின் புழுதியை அள்ளி வந்து வானத்தையே மங்கச் செய்யும். வடமேற்கில் அத்தகோரா மலைத்தொடர். அதன் அருகே யானையும் சிங்கமும் வாழும் பெஞ்சாரிக் காடு.

இனி வரலாற்றுக்கு வருவோம். அபோமே நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட தகோமே அரசர்கள் ஆற்றல் மிக்கவர்கள். அவர்களது படையில் பெண்களே நின்று போரிட்ட பிரிவுகள் இருந்தன. ஆனால் அந்த அரசின் செல்வம் பெரும்பாலும் அண்டை மக்களைச் சிறைப்பிடித்து, உயிதா என்னும் கடற்கரை ஊரில் ஐரோப்பியருக்கு விற்றதால் வந்தது. வாங்கியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. அந்தக் கரையில் இன்று "திரும்பி வராத வாசல்" என்றொரு நினைவு வளைவு கடலை நோக்கி நிற்கிறது. 1894-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் படைகள் நாட்டைக் கைப்பற்றின. மன்னர் பெகான்சின் மார்ட்டினிக் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1906-இல் அல்ஜியர்ஸ் நகரில் இறந்தார். அரண்மனையிலிருந்து அள்ளிச் சென்ற பொருள்களுள் 26-ஐ மட்டும் 2021-இல் பிரான்சு திருப்பித் தந்தது.

பிரெஞ்சுப் படை வருவதற்கு முன்னரே அங்கு வேதபோதகர்கள் வந்துவிட்டனர். அவர்களை அனுப்பிய சபை உருவான கதை நம் கோயம்புத்தூரில் தொடங்குகிறது. மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் என்னும் பிரெஞ்சுக் குரு 1842-இல் புதுச்சேரி வந்து இறங்கினார், தமிழ் கற்றார், குருமட அதிபராயிருந்தார். 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றுக் கோயம்புத்தூர்ப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். இம்மண்ணின் மைந்தர்களே இம்மண்ணின் குருக்களாகவும் ஆயர்களாகவும் ஆகவேண்டும், அந்நியர் வேர் பிடிக்க உதவிவிட்டு விலகவேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அந்நாளில் அதற்கு இசைந்தவர் சிலரே. சாதி வழக்கங்களைத் திருச்சபை எதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி வேறு அவரது மனச்சான்றை அறுத்தது. தெளிவான விடை கிடைக்கவில்லை. 1855-இல் பதவி விலகினார்.

ஓய்ந்திருக்க வந்தவர் அல்லர் அவர். யாரும் போகத் துணியாத இடம் எது என்று தேடி, தகோமேயைச் சொன்னார். 1856 டிசம்பர் 8-ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். தகோமே மிகவும் ஆபத்தானது எனக் கருதிய உரோமை அவரைச் சியரா லியோனுக்கு அனுப்பியது. 1859 மே மாதம் ஃபிரீடவுனில் கரையிறங்கிய பிரெசில்லாக் ஆண்டகை ஆறே வாரத்தில், ஜூன் 25-இல், மஞ்சள் காய்ச்சலால் மாண்டார். தோழர்களுள் பெரும்பாலோரும் மாண்டனர். ஆயினும் சபை கலையவில்லை. 1861 ஏப்ரலில் பொர்கேரோ அடிகளார் உயிதாவில் கால்வைத்தார். ஆயர் நாடிய நாட்டை அவர் காணவேயில்லை. அவர் பிள்ளைகள் கண்டனர். 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கச் செய்தார். கருமத்தம்பட்டிக்குத் திருயாத்திரை போகும் நம் குடும்பங்கள் இதையும் நினைவில் கொள்ளலாம்.

அந்நாட்டின் முதல் சுதேசக் குரு தோமாஸ் முலேரோ 1928-இல் அபிஷேகமானார். 1960-இல் பெர்னார்தின் கன்டின் கொத்தொனு நகரின் பேராயரானார். பின்னர் உரோமைக்கு அழைக்கப்பட்டுக் கர்தினாலாகி, 1993 முதல் 2002 வரை கர்தினால்மார் குழுவின் தலைவராகவும் விளங்கினார். அவர் தாய்மொழியாகிய ஃபொன் மொழியில் கன்டின் என்றால் இரும்பு மரம். எண்பது வயதில் உரோமையை விட்டுத் தம் நாட்டுக்கே திரும்பினார். இன்று உயிதா குருமடத்தில் துயில்கிறார்.

மக்களுள் ஃபொன், யொரூபா, அஜா, பரிபா எனப் பல இனத்தார். ஆட்சிமொழி பிரெஞ்சு. 2013-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 27 பேருக்கு மேல் இஸ்லாமியர், 25 பேருக்கு மேல் கத்தோலிக்கர், ஏறத்தாழ 12 பேர் வோடுன் என்னும் முன்னோர் சமயத்தார். இந்த வோடுனைத் திரைப்படங்கள் வெறும் சூனியமாகக் காட்டுவது முறையன்று. ஜனவரி மாதத்தில் அதற்கென அரசு விடுமுறை உண்டு.

அரசியல் நெடுநாள் கொந்தளிப்பாகவே இருந்தது. 1960 ஆகஸ்டு 1-இல் விடுதலை பெற்ற நாடு, பன்னிரண்டு ஆண்டுகளில் பல இராணுவப் புரட்சிகளைக் கண்டது. 1972-இல் பதவியைப் பிடித்த மத்தியே கெரெக்கூ மார்க்சிய ஆட்சியை அறிவித்தார். 1980-களின் இறுதியில் வங்கிகள் நொடித்தன. ஆசிரியருக்கும் ஊழியருக்கும் சம்பளம் இல்லை. மக்கள் தெருவுக்கு வந்தனர். துப்பாக்கி பேசவேண்டிய அந்த வேளையில் நாடு ஒரு மாநாடு கூட்டியது. 1990 பிப்ரவரியில் கொத்தொனுவின் ஒரு விடுதியில் ஏறத்தாழ 500 பிரதிநிதிகள்: அமைச்சர், மாணவர், உழவர், எதிர்க்கட்சியார், படைவீரர். யார் தலைமை தாங்குவது? எல்லாத் தரப்பும் நம்பிய ஒருவர் பேராயர் இசிதோர் தெ சூசா.

மாநாடு தன்னையே நாட்டின் உயர் அதிகார மன்றமாக அறிவித்துக்கொண்டபோது, இராணுவம் சும்மா இருக்குமா என்ற அச்சம் மண்டபம் முழுதும் நிலவியது. வானொலி வழியே நாடே கேட்டுக்கொண்டிருந்தது. தெ சூசா ஆண்டகை அவையையும் ஆட்சியாளரையும் மாறிமாறி அமைதிப்படுத்தினார். முடிவில் கெரெக்கூ தீர்மானங்களை ஏற்றார். மறு ஆண்டுத் தேர்தலில் நிசெஃபோர் சொக்லோவிடம் தோற்று, அமைதியாகப் பதவி விலகினார். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் பதவியிலிருந்த ஆட்சித் தலைவர் வாக்குச்சீட்டால் வெளியேறியது அதுவே முதன்முறை. அதே கெரெக்கூ 1996-இல் வாக்குப் பெற்றே திரும்பினார் என்பது மக்களாட்சியின் வேடிக்கை. டோகோவும் காங்கோவும் காபோனும் தங்கள் தேசிய மாநாடுகளுக்கு ஆயர்களையே தலைவர்களாக்கின. பெனினிலும் எல்லாம் சீராக இல்லை: 2019-இல் எதிர்க்கட்சிகளே இல்லாமல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது, 2025 டிசம்பர் 7-இல் படைவீரர் சிலர் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றனர்.

பொருளாதாரத்தின் முதுகெலும்பு பருத்தி. 2020-21 பருவத்தில் விளைந்த விதைப்பருத்தி 7 லட்சம் டன்னுக்கு மேல். ஆப்பிரிக்காவிலேயே முன்னணியில் நின்றது. ஆனால் பெனினின் உழவர் விளைத்த பருத்தி பல்லாண்டுகளாகப் பஞ்சுப் பொதியாகவே கடல் கடந்தது. துணியோ அயல்நாட்டிலிருந்து வந்தது. பருத்திக் காட்டுக்கு அருகிலேயே ராஜபாளையத்து நூற்பாலைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு அதன் இழப்பு எளிதில் புரியும். மழை பொய்த்த நம் சிவகாசியிலிருந்து இரு இளைஞர்கள் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததும், அதன்பின் இப்பகுதியின் தலையெழுத்து மாறியதும் நாம் அறிந்ததே. அத்தொழில் கொண்ட உயிர்களையும் அறிவோம், நிற்க.

துறைமுக வருமானம் இன்னொரு தூண். 2023 வரை கடலில்லாத நைஜருக்குப் பெரும்பாலும் கொத்தொனு வழியாகவே சரக்குப் போனது. நைஜீரிய எல்லை வழியே நடக்கும் கள்ள வாணிகமும் பெரிது. அங்கிருந்து கடத்திவந்த பெட்ரோலைச் சாலையோரம் கண்ணாடிக் குடுவைகளில் வைத்து விற்றுப் பல குடும்பங்கள் பிழைத்தன. நாணயம் பிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று கட்டிவைத்திருக்கிறார்கள்.

இப்போது பெனின் அரசு, கொத்தொனுவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் குளோ-ஜிக்பே என்னும் இடத்தில் தொழிற்பேட்டை அமைத்துள்ளது. பஞ்சை அங்கேயே நூற்கிறார்கள், சட்டை தைக்கிறார்கள், முந்திரி உடைக்கிறார்கள். 2024 ஏப்ரல் முதல் முந்திரிக் கொட்டையை உடைக்காமல் ஏற்றுமதி செய்வதற்குத் தடையும் வந்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து ஆலைகளில் நாள் முழுதும் அமர்ந்து, ஓட்டின் எண்ணெய் கையைப் பொசுக்கக் கொட்டை உடைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்களுக்கு, கொட்டை வரத்துக் குறைந்தால் கூலியும் குறையும். அப்பெண்களுள் நம் கத்தோலிக்கத் தாய்மாரும் பலர். இப்போதைக்கு ஐவரி கோஸ்ட்டும் கினி-பிசாவும் கொட்டை அனுப்புகின்றன. ஆனால் உலகிலேயே மிகுதியாக முந்திரி விளைக்கும் ஐவரி கோஸ்ட்டும் உடைக்கும் ஆலைகளை ஆண்டுதோறும் பெருக்கி வருகிறது.